தோட்டத்தம்மா ஒஸெல்லா மேப்ரி

அலபாமாவில் டாலிவர் மாவட்டம் முழுக்கக் கரிசல் மண். மழை பெய்தால் காலைப் பிடித்து இழுக்கும், வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அதில் பருத்தியைத் தவிர வேறெதுவும் வராது என்று பண்ணையார்கள் சொல்வார்கள். சொல்லிச் சொல்லியே அதை உண்மையாகவும் ஆக்கி வைத்திருந்தார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருஷம் ஒஸெல்லா மேப்ரி அந்த மண்ணுக்கு வேலைக்கு வந்தாள். யுத்தத்துக்குப் போன புருஷன் திரும்பவில்லை. பிள்ளையும் இல்லை. காலேஜில் தோட்டக்கலையும் சமையலும் படித்திருந்தாள். ஒரு பழைய ஃபோர்டு கார், பின்சீட்டில் பெரிய பிரஷர் குக்கர், விதைப் பொட்டலங்கள், தலையில் ஒரு நீலத் தொப்பி. அவ்வளவுதான் அவள் கொண்டுவந்தது.

அரசாங்கம் மாவட்டத்துக்கு ஒரு வேளாண் விரிவாக்க அலுவலகம் வைத்திருந்தது. எங்கள் பக்கம் மட்டும் அது இரண்டாக இருந்தது. வெள்ளைக்காரர்களுக்குக் கோர்ட்டுக் கட்டிடத்தில் ஒன்று, கறுப்பர்களுக்குச் சவப்பெட்டிக் கடை மாடியில் ஒன்று. "கீழ போறவனுக்குப் பெட்டி, மேல ஏறுறவனுக்கு விதை" என்று கடைக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஒஸெல்லாவின் வேலை, பண்ணை வீடுகளில் இருக்கும் பெண்களைக் காய்கறி போட வைப்பது. விளைந்ததைக் குளிர்காலத்துக்குக் கண்ணாடிச் சாடிகளில் அடைத்து வைக்கச் சொல்லிக்கொடுப்பது. கேட்க எளிதான வேலைதான். ஆனால் பண்ணை வீடுகளில் பருத்தி வாசற்படி வரைக்கும் வந்து நிற்கும். வாரத்துக்கு உழுகிற குடும்பத்துக்குக் கை அகல மண்கூடச் சொந்தம் கிடையாது. சாப்பாடு பண்ணைக் கடையிலிருந்து வரும்: சோளமாவு, உப்புப் போட்ட பன்றிக் கொழுப்பு, கரும்புப் பாகு. வருஷம் முழுக்க அதையே தின்றவர்களுக்கு வசந்த காலத்தில் கைத்தோல் உரியும், வயிறு கெடும், சிலருக்குப் புத்தியும் கலங்கும்.

டெஸ்ஸி க்ரம்மை அவள் முதன்முதலில் பார்த்தது ஹேஸ்கல் பண்ணையில். டெஸ்ஸி மிலாறுத் துடைப்பத்தால் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு, எதற்கும் அசையாத முகம். காரைப் பார்த்ததும் பெருக்குவதை நிறுத்தாமலே கேட்டாள்.

"அரசாங்கத்துல இருந்தா? பன்னி எத்தனை இருக்குன்னு எண்ண வந்தீங்களா? ஒண்ணு இருந்துச்சு, தின்னுட்டோம். எழுதிக்கங்க."

ஒஸெல்லா சிரித்துவிட்டாள். தோட்டம் போடுவதைப் பற்றிப் பேச வந்ததாகச் சொன்னாள்.

"தோட்டமா? எங்க போடறது, என் தலைமேலயா?"

அது வெறும் கேலி இல்லை, நியாயமும்தான். ஒஸெல்லா திரும்பிப் போகாமல் நேரே பண்ணையார் வீட்டுக்குப் போனாள். போனாள் என்றால் பின்வாசலுக்கு. ஹேஸ்கல் சாப்பிட்டு முடித்து வரும்வரை வெயிலில் நின்றாள். பிள்ளைகளுக்குப் பசி, பெண்களுக்கு நோய் என்று சொன்னால் அந்தக் காதில் ஏறாது என்று அவளுக்குத் தெரியும். அதனால், கீரையும் பயறும் தின்கிற ஆள் மற்றவனைவிடக் கூடுதலாகப் பருத்தி பறிப்பான் என்று சொன்னாள். மாட்டுத் தீவனத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி தன் சனத்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. அதை நினைத்து அன்று முழுக்க அவளுக்கு வாய் கசந்தது. ஹேஸ்கல் பல்லைக் குத்திக்கொண்டே, வீட்டைச் சுற்றி நாலு வரிசை போட்டுக்கொள்ளலாம், ஐந்தாவதைப் பார்த்தால் உழுதுவிடுவேன் என்றார்.

அந்த நாலு வரிசையில் டெஸ்ஸி போட்டது கொஞ்சநஞ்சம் இல்லை. கோடையில் காராமணி, வெண்டை, தக்காளி. குளிர் தொடங்கியதும் கொலார்டு கீரையும் டர்னிப்பும். கொலார்டு இலை முறம் மாதிரி விரிந்து நிற்கும். ஒரு பனி விழுந்துவிட்டால் அதற்கு ஒரு தனி இனிப்பு வரும். வரிசைக்கு நடுவே வரிசை, வேலிக்கம்பியில் கொடி, கூரைமேல் பூசணி என்று அந்தப் பெண் ஐந்தாவது வரிசையை ஆகாயத்தில் போட்டாள். ஒஸெல்லா அதையே மாதிரித் தோட்டமாக்கி, மாதம் ஒருமுறை சுற்றுவட்டாரப் பெண்களை அங்கே கூட்டினாள். முற்றத்தில் அடுப்பு மூட்டிக் குக்கரை ஏற்றுவார்கள். முதல் தடவை அது ஊளையிட்டபோது பாதிப் பேர் பருத்திக்குள் ஓடிப்போனார்கள். டெஸ்ஸி மட்டும் இடுப்பில் கைவைத்து நின்று, "என் மாமியார் சத்தத்துக்கு இது பாதிகூட இல்ல" என்றாள். நிரப்பிய சாடிகளை வைக்க அலமாரி ஏது? கட்டிலுக்கு அடியில் அடுக்கினாள். அவள் புருஷன் ரூஃபஸ், "நான் தக்காளி மேல படுத்துத் தூங்குறேன், ராசா மாதிரி" என்று சர்ச்சில் எல்லோரிடமும் பெருமையடித்தான். ரூஃபஸ் அதிகம் பேசமாட்டான். பேசினால் இப்படி ஏதாவது ஒன்று.

ஒஸெல்லாவைச் சனங்கள் தோட்டத்தம்மா என்று கூப்பிடத் தொடங்கியதும் அந்த முற்றத்தில்தான்.

ஒரு கூட்டத்தில் ஒஸெல்லா அந்தத் தோல் உரிகிற நோயைப் பற்றிப் பேசினாள். அது சாபமும் இல்லை, ரத்தக் கோளாறும் இல்லை, சாப்பாட்டில் சத்து இல்லாததால் வருவது. கீரையும் பயறும் கொஞ்சம் பாலும் போதும். இனி யாரும் இதில் சாக வேண்டியதில்லை என்றாள். பல கிராமங்களில் அதைச் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது அவளுக்கே உற்சாகம் வரும். பெண்கள் தலையாட்டினார்கள். டெஸ்ஸியும் ஆட்டினாள்.

சில மாதம் கழித்து, காராமணி உரித்துக்கொண்டிருந்தபோது டெஸ்ஸி எழுந்து, "வாங்க, ஒண்ணு காட்டணும்" என்று பருத்திக்காட்டின் ஓரத்துக்குக் கூட்டிப்போனாள். ஒரு தேவதாரு மரத்தடியில் சின்னதாக இரண்டு மண்மேடு. சுற்றி உடைந்த பீங்கான் தட்டுகளும் நீலக் கண்ணாடிப் புட்டிகளும் பதித்திருந்தன. பேர்ல், க்ளீவ். ஒஸெல்லா இந்த மாவட்டத்துக்கு வருவதற்குச் சில வருஷம் முன்னால் ஒரே வசந்த காலத்தில் போன பிள்ளைகள்.

"கையெல்லாம் உரிஞ்சு போச்சு ரெண்டுக்கும். டாக்டர் எதுவும் பண்ண முடியாதுன்னுட்டார்" என்றாள் டெஸ்ஸி. "ஒரு கட்டுக் கீரை இருந்தா யாரும் சாக வேண்டியதில்லன்னு அன்னைக்குக் கூட்டத்துல சொன்னீங்களே. எல்லாருக்கும் பொதுவாத்தான் சொன்னீங்க. நான் வீட்டுக்குள்ள வந்து உட்கார்ந்தவ, அன்னைக்கு அடுப்பே மூட்டல."

எதையும் சொல்லித் தேற்றுகிற இடம் இல்லை அது. தான் கொண்டுவந்த நல்ல செய்தி ஒரு தாய்க்கு எப்படி வந்து விழுந்தது என்று ஒஸெல்லா அதுவரை நினைத்ததே இல்லை. இரண்டு பேரும் குனிந்து மேட்டின் மேலிருந்த புல்லைப் பிடுங்கினார்கள். அதன்பிறகு டெஸ்ஸி அவளை மிஸ் மேப்ரி என்று சொல்வதை விட்டுவிட்டு அக்கா என்றாள். 'நீங்க' மட்டும் கடைசிவரை மாறவில்லை.

இப்படியே பல வருஷம் போயிற்று. அறுபத்தைந்தாம் வருஷம் கோடையில் அரசாங்கத்தின் உத்தரவு வந்தது: இனிக் கறுப்பருக்கு ஒன்று, வெள்ளைக்காரருக்கு ஒன்று என்று அலுவலகம் கூடாது, இரண்டையும் சேர்க்க வேண்டும். நல்ல செய்தி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சவப்பெட்டிக் கடைக்காரர் படி இறங்கி வந்து அவளுக்குக் கை கொடுத்தார். சேர்த்த விதத்தில்தான் தெரிந்தது சங்கதி. மாடியில் அவள்தான் தலைவி. கோர்ட்டுக் கட்டிடத்தில் அவள் உதவியாளர். காலேஜை விட்டு அப்போதுதான் வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் கீழே. அந்தப் பெண் கெட்டவளும் இல்லை. ஒஸெல்லாவைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு முகம் சிவந்துபோகும், அவ்வளவுதான். உட்கார இடம் நிலவறையில், கொதிகலனுக்குப் பக்கத்தில். குக்கர்கள் ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடந்தன. மேலதிகாரி காரிட்டி எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்தான் என்றாலும், வெள்ளைக்காரிகள் பேருக்கு முன்னால் ஒரு 'மிஸ்' போடுவார். இவளுக்கு வெறும் ஒஸெல்லா, நீ, வா, போ.

அவளைத் தேடி வந்துகொண்டிருந்த பெண்கள் வரவில்லை. கோர்ட்டுக் கட்டிடத்தில் அவர்கள் பார்த்ததெல்லாம் அபராதமும் ஜெயிலும். விதை கேட்டு அந்தப் படியில் யார் ஏறுவார்கள்?

ஆனால் அதே கோடையில் வேறொரு காரியத்துக்கு ஏறினார்கள். ஓட்டுப் பட்டியலில் பேர் சேர்க்க. அந்த மாவட்டத்தில் கறுப்பர் பேர் பட்டியலில் ஏறியதே இல்லை என்று சொல்லிவிடலாம். இப்போது புதுச் சட்டம் வந்ததும் விடிந்ததிலிருந்து படிக்கட்டில் வரிசை நின்றது. எதிர்ச்சாரியில் பண்ணையார்களின் ஆட்கள் காரில் சாய்ந்தபடி, யார் யார் நிற்கிறார்கள் என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒஸெல்லா வேலைக்கு வரும்போது அந்த வரிசையைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். அரசாங்கச் சம்பளக்காரி, அரசியல் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று காரிட்டி முன்னமே சொல்லியிருந்தார். ஒருநாள் காலை வரிசையில் டெஸ்ஸியும் ரூஃபஸும் நின்றார்கள். டெஸ்ஸி சர்ச்சுக்கு மட்டும் போடுகிற ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் வந்திருந்தாள். அவள் வாயைத் திறக்கப்போனதை ஒஸெல்லா ஓரக்கண்ணால் பார்த்தாள். பார்த்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்கிற மாதிரி கையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஹேஸ்கல், பட்டியலில் பேர் கொடுத்த குடும்பங்களையெல்லாம் வெளியே போகச் சொன்னார். டெஸ்ஸியின் கொலார்டு அப்போது இடுப்பளவு நின்றது, பனியும் விழுந்திருந்தது. வீட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீரையை மட்டும் அறுத்துக்கொள்கிறேன் என்றாள். மண் என்னுடையது, மண்ணில் நிற்பதும் என்னுடையது என்று பதில் வந்தது. வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே டிராக்டர் வந்து நாலு வரிசையையும் புரட்டிப் போட்டது. ரூஃபஸ் வண்டியிலிருந்து இறங்கப் போனானாம். டெஸ்ஸி அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாளாம். இதெல்லாம் ஒஸெல்லா மற்றவர்கள் சொல்லிக் கேட்டதுதான்.

நெடுஞ்சாலை ஓரமாக ஏமஸ் டீல் என்ற கறுப்பு விவசாயிக்குக் கொஞ்சம் சொந்த நிலம் இருந்தது. வெளியேற்றப்பட்டவர்களை அவர் அங்கே இருக்கச் சொன்னார். எங்கிருந்தோ பட்டாளத்துக் கூடாரங்கள் வந்தன. மழையில் கூடாரத்துக்குள்ளேயே சேறு. போகிற காரிலிருந்து சுடுவார்கள். அதனால் பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்தார்கள்.

ஒஸெல்லா காரிட்டியிடம் போய், கூடாரத்துக் குடும்பங்களுக்கு விதையும் வேலிக்கம்பியும் வேண்டும் என்று கேட்டாள்.

"நம்ம திட்டம் இந்த மாவட்டத்துல குடியிருக்கிறவங்களுக்கு, ஒஸெல்லா" என்றார் அவர். கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார். "அவங்களுக்கு விலாசமே இல்லையே. விலாசம் இல்லாதவங்களை எப்படிக் குடியிருக்கிறவங்கன்னு சொல்றது?"

சனிக்கிழமை அவள் தன் கைக்காசில் விதை வாங்கிக்கொண்டு தன் காரில் போனாள். டெஸ்ஸி ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். ஒஸெல்லாவைப் பார்த்ததும் எழுந்து, உட்கார அந்த வாளியைக் கொடுத்தாள். அது அவள் குணம். என்ன விதை, எந்தப் பக்கம் வெயில் என்று கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு ஒஸெல்லா விதைப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு வரிசையில..."

"பார்த்தேன். உங்க தொப்பி நல்லா இருந்துச்சு."

ஒஸெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். டெஸ்ஸி தூரத்தில் போகிற லாரியைப் பார்த்தபடியே சொன்னாள்:

"உங்க வேலை போயிட்டா எங்ககிட்ட வர ஆளில்ல. அத நெனச்சுத்தான் போனீங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சொல்லிக்கிட்டாலும் வலிச்சுது அக்கா."

"அத நெனச்சு மட்டும் போகல டெஸ்ஸி. பயந்துதான் போனேன்."

"தெரியும். நானும் பயந்துதான் நின்னேன்."

அன்று சாயங்காலம்வரை கொழுப்பு டின்களிலும் ஓட்டை வாளிகளிலும் மண் நிரப்பி விதை போட்டார்கள். அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் ஒஸெல்லா அங்கே போனாள். கூடாரத்து வாசல்களில் டின் டின்னாகக் கீரை எழுந்தது.

மண்மேடுகளைப் பற்றி டெஸ்ஸி கேட்டது வசந்த காலத்தில். பண்ணைக்குள் அவளோ ரூஃபஸோ காலெடுத்து வைத்தால் சுட்டுவிடுவேன் என்று ஹேஸ்கல் சொல்லியிருந்தார். "புல்லு மண்டியிருக்கும். நீங்க உத்தியோகக்காரி, உங்களை யாரும் தடுக்கமாட்டாங்க. ஒருவாட்டி பார்த்துட்டு வாங்க அக்கா." இத்தனை வருஷத்தில் டெஸ்ஸி தனக்கென்று கேட்டது அந்த ஒன்றுதான்.

பண்ணையில் மிச்சமிருந்த குடும்பங்களைப் பார்க்கப் போகிறவள் மாதிரி ஒஸெல்லா போனாள். காரில் ஒரு களைக்கொத்து. மரத்தடியில் முட்டியளவு புல். உழவு இரண்டடி தூரம்வரை நெருங்கி வந்திருந்தது. அவள் மண்டியிட்டுப் புல்லைக் கொத்தினாள். மண்ணுக்குள் போயிருந்த தட்டுகளை எடுத்துப் பாவாடையில் துடைத்துத் திரும்பவும் பதித்தாள். நீலப் புட்டிகளில் ஒன்று உடைந்திருந்தது. எழுந்து திரும்பியபோது ஹேஸ்கல் தன் வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு இங்க வந்தே?"

"பிள்ளைங்க குழி சார். புல்லு முளைச்சிருந்துச்சு."

"யாரு பிள்ளைங்க?"

"டெஸ்ஸி பிள்ளைங்க. பேர்ல், க்ளீவ்."

அவர் அந்தத் தட்டுகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். இத்தனை காலம் அந்தப் பக்கம் போய்வந்தவர், கவனித்திருக்கவே மாட்டார் போல. வண்டியில் ஏறிப் போய்விட்டார். சத்தம் போட்டிருந்தால்கூட ஒஸெல்லா அவ்வளவு பயந்திருக்கமாட்டாள்.

திங்கட்கிழமை காரிட்டி கூப்பிட்டார். உத்தியோகத்தின் பேரைச் சொல்லி அடுத்தவர் நிலத்துக்குள் நுழைந்தது பெரிய தப்பு என்றும், அவள் வேலையைத் தான் காப்பாற்றியிருப்பதாகவும் சொன்னார். இனி வெளிவேலை கிடையாது. நிலவறையில் ஒரு டெலிபோன் வைத்தார்கள். தோட்டம் பற்றிச் சந்தேகம் கேட்டு மாவட்டத்துக் குடியிருப்பாளர்கள் கூப்பிடுவார்கள். அவள் பதில் சொல்ல வேண்டும்.

அதே வாரம், உழவு முடிகிற சமயம், பண்ணையில் மிச்சமிருந்த ஒருத்தி சர்ச்சில் ஒஸெல்லாவை ஓரமாக இழுத்துச் சொன்னாள்: மரத்தை வெட்டிவிட்டார்கள், பருத்தி வரிசை அந்த மண்மேடுகள் மேலேயே ஓடிவிட்டது. ஒஸெல்லா அந்தச் சனிக்கிழமை கூடாரத்துக்குப் போகும் வழியில் காரை நிறுத்திவிட்டு, என்ன சொல்வது என்று நெடுநேரம் யோசித்தாள். சொல்லவேண்டிய அவசியம் வராமல் இருக்கவேண்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொண்டாள். வந்தது.

"போய்ப் பார்த்தீங்களா அக்கா?"

"பார்த்தேன்."

"இப்பவும் புல்லு மண்டிக் கிடக்குதா?"

"இல்ல டெஸ்ஸி. ஒரு புல்லு இல்ல."

டெஸ்ஸி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒஸெல்லா பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த உண்மை வாழ்நாள் முழுக்க அவள் தொண்டையில் முள்ளாக நின்றது.

அந்த வருஷம் நவம்பரில் டெஸ்ஸி ஓட்டுப் போட்டாள். கறுப்பர்கள் நிறுத்திய ஆட்கள் அத்தனை பேரும் தோற்றார்கள். பண்ணைகளிலிருந்து லாரி லாரியாக ஆட்களைக் கொண்டுவந்து எதிர்ப்பக்கம் போட வைத்ததாகப் பேச்சு. கூடாரத்தில் எல்லோரும் இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருந்தபோது டெஸ்ஸி மட்டும், "தோத்துப்போக நம்மகிட்டயும் ஒண்ணு இருந்துச்சுன்னு இப்பத்தானே தெரியுது" என்றாள். சிரித்தார்கள். சிரிப்பு அவளுக்கு இருமலாக மாறி, நிற்க வெகுநேரம் ஆயிற்று.

ஈரமும் குளிரும் அவள் நெஞ்சில் இறங்கியிருந்தன. சாலைக்கு மறுபுறம் அவர்களுக்காக ஒரு பலகை வீடு எழும்பிக்கொண்டிருந்தது. கூரை போடுவதற்கு முன்னால், பிப்ரவரியில், அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒஸெல்லா போனபோது அவளுக்குப் பேச மூச்சு இல்லை. ஒஸெல்லா ஒரு சாடியில் கொலார்டுக் கீரை வேகவைத்த தண்ணீர் கொண்டுபோயிருந்தாள்; கரண்டியால் ஊட்டினாள். இரண்டு வாய் குடித்து, "உப்பு கம்மி" என்றாள் டெஸ்ஸி. ஒஸெல்லா கேட்டு அவள் கடைசியாகச் சொன்னது அதுதான். பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அவளை வைக்க இடம் கேட்டுப் போகலாமா என்று சர்ச்சில் பேச்சு எழுந்தபோது ஒஸெல்லாதான் வேண்டாம் என்று தடுத்தாள். காரணம் கேட்டவர்களிடம், அந்த மனுஷன் படியில் இனியொரு தடவை நிற்க வேண்டாம் என்றாள். சர்ச் வளாகத்திலேயே புதைத்தார்கள். ரூஃபஸ் அடுத்த மாதமே டெட்ராய்ட்டில் இருக்கிற தம்பியிடம் போய்விட்டான். கட்டி முடித்த வீட்டில் வேறு குடும்பம் குடியேறியது.

அந்தக் கோடையில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒஸெல்லா நிலவறையிலிருந்து மேலே ஏறி, தாழ்வாரத்தில் நேராக நடந்து, ஓட்டுப் பட்டியலில் பேர் பதிகிற மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"உன் ஆபீஸ்ல சொல்லிட்டு வந்தியா ஒஸெல்லா?" என்றார் அங்கிருந்தவர்.

"சாப்பாட்டு நேரம், சார்."

பேரை எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். யாரும் அவளைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை, வேலை போகவில்லை, கல் விழவில்லை. இத்தனை வருஷம் எதற்குப் பயந்தாளோ அது இவ்வளவு சின்னதாக முடிந்துபோனது. நிலவறைக்குத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு, அந்த வரிசையும் டெஸ்ஸியின் ஞாயிற்றுக்கிழமை உடுப்பும் கண்முன் வந்தன. போன் அடித்தது. யாரோ ஒருத்தியின் புல்தரையில் மஞ்சள் படர்ந்திருக்கிறதாம்.

அந்த டெலிபோனோடு அவளுக்கு மிச்ச உத்தியோகமும் கழிந்தது. கூப்பிட்டவர்கள் பெரும்பாலும் நகரத்து வெள்ளைக்காரப் பெண்கள். ரோஜா இலையில் கரும்புள்ளி, புல்தரையில் புழு, வேலி ஓரச் செடி பூக்கவில்லை. குரலை வைத்து அவர்களுக்கு எதுவும் தெரியாது. "மிஸ் மேப்ரி, நீங்க சொன்னபடியே வெட்டி விட்டேன், எப்படித் தழைச்சிருக்கு தெரியுமா" என்பார்கள். வாழ்நாளில் வெள்ளைக்காரர் வாயிலிருந்து அவள் கேட்ட 'நீங்க' அத்தனையும் அந்தக் கறுப்புக் குழாய் வழியாக வந்ததுதான். அதில் ஆல்ட்ரிச் என்கிற ஒரு அம்மாள், விதவை, வாரம் தவறாமல் கூப்பிடுவாள். ரோஜாவில் தொடங்கிப் பேச்சு எங்கெங்கோ போகும். மகன் கடிதம் போடுவதில்லை என்பாள், ராத்திரி தூக்கம் வருவதில்லை என்பாள். புருஷன் போன பின் வீட்டில் தன் காலடிச் சத்தமே தன்னைத் திடுக்கிட வைக்கிறது என்று ஒருநாள் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது அம்மா, போகப் போகப் பழகிவிடும் என்று ஒஸெல்லா சொன்னாள். வேலை என்று இல்லாமல் மனுஷி மனுஷியோடு பேசுகிற பேச்சாக அது ஒன்றுதான் அவளுக்கு அங்கே இருந்தது.

ஒரு நாள் அந்த அம்மாள் பீச் பழப் பணியாரம் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு, நிலவறைப் படியில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தாள்.

"நீ போய் மிஸ் மேப்ரியைக் கொஞ்சம் கூப்பிடு" என்றாள் ஒஸெல்லாவைப் பார்த்து.

"நான்தாங்க அம்மா."

ஆல்ட்ரிச் அம்மாள் அறையைச் சுற்றிப் பார்த்தாள், வேறு யாராவது இருக்கமாட்டார்களா என்கிற மாதிரி. பணியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு மேஜை ஓரத்தில் வைத்தாள். நல்லா இருக்கியா என்றாள், படி செங்குத்தாக இருக்கிறது என்றாள், போய்விட்டாள். அடுத்த வாரம் போன் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தது.

"ஒஸெல்லா, நீ போன தடவை ஒரு மருந்து சொன்னியே" என்று தொடங்கினாள்.

ஒஸெல்லா மருந்தின் பேரைச் சொன்னாள், எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும் என்றும் சொன்னாள். மகனைப் பற்றியோ தூக்கத்தைப் பற்றியோ அந்த அம்மாள் அதற்குப் பிறகு பேசவே இல்லை.

ஓய்வுபெற்ற நாளில் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். காரிட்டி அதற்குள் போய்விட்டிருந்தார். முகம் சிவக்கிற அந்தப் பெண்தான் இப்போது தலைவி. நாலு வார்த்தை பேச எழுந்து, பேச முடியாமல் அழுதுவிட்டாள். ஒஸெல்லா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். வீட்டுக்கு வந்தபின் அவள் மண்ணைத் தொடவில்லை. வீட்டைச் சுற்றிப் புல் முட்டியளவு நின்றது. என்ன தோட்டத்தம்மா இப்படி என்று பக்கத்து வீட்டார் கேட்டால், முட்டி மடங்கமாட்டேன் என்கிறது என்பாள்.

சில வருஷம் கழித்து ஒரு செப்டம்பரில் ரூஃபஸ் வந்து நின்றான். தலை முழுக்க நரைத்து, டெட்ராய்ட் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் தொப்பியோடு. டெஸ்ஸிக்குச் சர்ச்சில் கல் வைக்க வந்ததாகச் சொன்னான். வைத்துவிட்டும் வந்திருந்தான். அவள் கோழி பொரித்துச் சோளரொட்டி சுட்டாள். கார் தொழிற்சாலை வேலையைப் பற்றி, தம்பி செத்ததைப் பற்றி, நாலாவது மாடி ஜன்னலைப் பற்றி ஏதேதோ சொன்னான். பிள்ளைகளைப் பற்றி அவன் எடுக்கவில்லை. எடுத்துவிடுவானோ என்று அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டுப் போடறீங்களா?" என்று கேட்டான் திடீரென்று.

"தவறாம."

"நான் அங்க போனதுக்கப்புறம் ஒருவாட்டிகூடப் போடல. அவ இருந்தா என்னை உரிச்சிருப்பா." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வரிசையில நிக்கப் போவேன். பக்கத்துல யாருமில்லன்னு தெரிஞ்சதும் கால் நிக்காது. திரும்பி வந்துடுவேன்."

ஒஸெல்லா அவன் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தாள். அவன் சாப்பிட்டு முடித்து, தட்டைத் தானே கழுவி வைத்தான். பஸ் நிறுத்தம்வரை அவள் காரில் கொண்டுபோய் விட்டாள். அடுத்த கோடையில் வருவதாகச் சொல்லிவிட்டு ஏறினான். வரவில்லை. என்ன ஆனான் என்று சொல்ல அங்கே அவனுக்கும் ஆளில்லை, இங்கே அவளுக்கும் ஆளில்லை.